பத்தொன்பது சொற்கள்

அம்மா, அப்பா, பால், வா, போ, காக்கா, பஸ் என்று ஏழு வரிகளை மூச்சுவிடாமல் எழுதி முடித்த வள்ளிமயில், எட்டாவது வரியில் பேனாவை ஊன்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடை மாடியில் பேச்சுப் பயிற்சி மையத்தின் வராந்தா, சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு, பெஞ்சில் அவள் மட்டும். கீழே பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகிற ஆட்டோக்களின் இரைச்சல். பக்கத்தில் மூடிய கதவு, அதற்கு அந்தப் பக்கம் மூன்றேகால் வயது மிருதுளா, ஷீபா மேடத்துக்கு எதிரே, அம்மா இல்லாமல், முதல் தடவையாகத் தனியாக. காகிதத்தில் இரண்டே பத்திகள். குழந்தை சொல்லும் சொல். அதன் பொருள். 'ஒண்ணு விடாம எழுதுங்கம்மா. நான் உள்ள அவளப் பாத்துட்டு, இதையும் சேத்து வச்சுத்தான் ரிப்போர்ட் போடணும். ஸ்கூல்ல அதத்தான் கேப்பாங்க' என்று சொல்லிப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவள் கதவைச் சாத்தி இருபது நிமிஷம் இருக்கும். ரிப்போர்ட். அதில் ஒரு வரி கோணலாக விழுந்தால் ஜூனில் எல்கேஜி இல்லை. 'நார்மல்னு போட்டு வாங்கிட்டு வந்துரு, என்ன?' காலையில் பைக்கை உதைத்துக்கொண்டே தவசிலிங்கம் சொன்ன தோரணை இருக்கிறதே, வரும்போது அரைக்கிலோ தக்காளி வாங்கிட்டு வா என்பதைப் போல. புருஷன்காரன் சொல்லிவிட்டுப் போய்விடுவான், தக்காளி அழுகியிருந்தால் அது வாங்கினவள் குற்றம். எட்டு. எட்டு என்ன? நாய். நாயை அவள் நாய் என்றுதான் சொல்கிறாள், நல்லவேளை. எழுதினாள். எட்டு, நாய். பஸ்ஸில் வரும்போதே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாயிற்று, எப்படிச் சுரண்டினாலும் பத்தொன்பதுதான் தேறும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல், கடையில் கேட்டால் கிடைக்கிற சொல், பத்தொன்பது. மற்றது? மற்றதையும் ஒருநாள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். நூற்றுப் பன்னிரண்டு.

யார் ஆரம்பித்தது? வேறு யார்மேல் பழியைப் போட முடியும், அவளேதான். பிரசவமாகி நாற்பது நாள், வயிற்றுத் தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்த மத்தியானங்கள். கூடத்தில் அத்தை சீரியல் பார்க்க, அறைக்குள் இவளும் ஒரு கைப்பிடிச் சிவப்பும். அந்தச் சிவப்பு கண் கொட்டாமல் இவளையே பார்க்கும். அதனிடம் என்ன பேசுவது? கண்ணே மணியே என்று வாயெடுத்தால் நாக்கு கூசியது, வேறு ஒருத்தியின் சேலையைத் திருடிக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி. கான்வென்டில் மனப்பாடம் பண்ணின இங்கிலீஷ் பாட்டை எடுத்தால் அதில் எல்லாம் பனியும் கம்பளிக் கையுறையும். பிள்ளைக்கோ உடம்பெல்லாம் வேர்க்குரு. ஒரு மத்தியானம் அது வீறிட்டு, முகம் நீலம் பாரித்து, மூச்சு இதோ நின்றுவிடும் போல, அத்தையைக் கூப்பிடக்கூட இவளுக்குத் தோன்றாமல், பிள்ளையை ஆட்டி ஆட்டி வாயில் வந்ததைச் சொன்னாள்:

பம்புலி வந்து லொம்பியதாம்
பாங்கிணிச் சட்டி தொம்பியதாம்
எம்புலி எங்கே என்றதற்கு
ஏழு கிடுங்கில் டொம்பியதாம்

அழுகை நின்றது. நின்றதோடு இல்லை, கடைசி டொம்பியதாமுக்குப் பிள்ளை வாயைக் கோணி, அது சிரிப்பா வாயுவா என்று தெரியவில்லை, ஆனால் இவள் சிரித்துவிட்டாள், தையல் விண்ணென்று இழுக்கச் சிரித்தாள். அதற்கப்புறம் விடவில்லை. லொம்பியதாம் என்கிறபோது உதடு இரண்டும் உருண்டு மூடித் திறக்கிற சுகம், பாங்கிணியில் மூக்குக்குள் ஒரு சின்ன மணி, 'எங்கே என்றதற்கு' என்று மட்டும் ஒழுங்கான தமிழ் ஒன்று கோட்டு மாட்டிக்கொண்டு வந்து கண்ணியமாக நிற்க, அதையும் பிடித்து ஏழு கிடுங்கில் தள்ளிவிடுகிற கடைசி வரி. அர்த்தம் என்று ஒன்றும் கிடையாது, ஆனால் நடந்தது அத்தனையும் விளங்கியது. ஏதோ வந்தது, ஏதோ செய்தது, சட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது, செய்த களவாணி போய் ஒளிந்துகொண்டது. லொம்பினான், லொம்புவாள், லொம்பாதே, லொம்பித் தொலை என்று அந்தச் சொல் எந்தப் பக்கமும் வளைந்துகொடுத்தது. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் சொன்னபடி கேட்ட ஒரே பொருள் அதுதான். தாளம் இருக்கிறதே, அதுதான் பெரிய சூட்சுமம். மூன்று வரிக்குப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். நாலாவது வரி வரும், கட்டாயம் வரும், ஏமாற்றாது என்று அதற்குத் தெரியும். உலகத்தில் வேறு எதை அவளால் அப்படி உறுதியாகத் தர முடிந்தது, பால்கூடப் பத்தவில்லை. பதினான்காம் மாதத்தில் மிருதுளா வாசற்படியில் தடுக்கி உட்கார்ந்து, அழலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து, 'டொம்பி' என்றாள். அதுதான் முதல் சொல். அம்மா அதற்கு அப்புறம்தான். விழுந்தால் டொம்பி, சூரியன் விழுந்தால் டொம்பி, தட்டில் இருந்து பருக்கை விழுந்தாலும் டொம்பி. கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் இருக்கிற இருட்டு கிடுங்கு. சோறு பாங்கிணி. இதெல்லாம் அம்மா கொடுத்தது. அப்புறம் கொடுக்காததும் வந்தது, பிள்ளையே உண்டாக்கியது, அம்மா அதை வாங்கி அடுத்த பாட்டில் கோத்துத் திருப்பிக் கொடுப்பாள், பிள்ளை அதற்குமேல் ஒன்று போடும். ஒன்பது, பூ. பூவுக்கு அவளிடம் வேறு சொல்லும் உண்டு, வாடின பூவுக்குத் தனியாக. எழுதக் கூடாது.

எழுதினால் என்ன? போனமுறையே கேட்டுவைத்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல. ஷீபா மேடம் நல்ல பெண், இவளைவிட இரண்டு வயது குறைவாகத்தான் இருக்கும், சிரித்தபடிதான் சொன்னாள். 'லேட்டா பேசுறது ஒரு விஷயமே இல்லம்மா, வந்துரும். ஆனா சொந்தமா உண்டாக்குன சத்தமா நெறைய வச்சிருந்தா அது வேற மாதிரி. அப்ப நான் பெரிய டாக்டர்ட்ட எழுதிக் குடுத்துருவேன்.' அந்த வேற மாதிரிக்கு மேடம் பெயர் சொல்லவில்லை. பெயர் இல்லாமல் விட்டதற்கு இரண்டு வாரமாக அவளே ஒவ்வொரு பெயராக வைத்துப் பார்க்கிறாள். பத்தொன்பது என்றால் தாமதம். நூற்றுப் பன்னிரண்டு என்றால் வேற மாதிரி. பிள்ளை ஊமையாக இருந்தால் மன்னிப்பார்களாம், நிறையப் பேசினால்தான் வியாதியாம். வீட்டுக்கும் ஒரு பாடம் சொல்லி அனுப்பினாள். 'ஒருவேள இவளும் அந்த மாதிரிச் சத்தத்துல எதையாவது கேட்டா, புரியாத மாதிரி இருங்க. முகத்துல காட்டாதீங்க. சரியான வார்த்தை வந்தாத்தான் கையில குடுக்கணும். கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா பிள்ளைங்க சீக்கிரம் பிடிச்சுக்கும்.' தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆட்டினது தலைதான். அத்தை கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இரண்டு பேரும் கள்ளக்கடத்தல்காரர்கள் மாதிரி கிசுகிசுவென்று பேசித் தீர்த்தார்கள். இப்போது அந்த மேடம் முன்னால் பிள்ளை என்ன பேசிக்கொண்டிருக்கிறது? கதவில் காது வைத்துக் கேட்கலாமா? படியில் யாராவது வந்தால்? பத்து, மாமா. பதினொன்று, டாட்டா. அத்தை சொல்வதில்தான் என்ன தப்பு. 'ஏ மயிலு, நீ என்னத்தையாவது ஒளறி ஒளறித்தான் பிள்ளைக்கு நாக்கு கொழம்பிப் போச்சு. ஒங்க சிஸ்டரம்மாரு இதத்தான் படிச்சுக் குடுத்தாவளா?'

ஆமாம், அவர்கள்தான் படித்துக் கொடுத்தார்கள், கேட்டால் அவர்களுக்கே தெரியாது. தூத்துக்குடியில் அந்தக் கான்வென்டு கேட்டுக்குள் நுழைந்தபின் தமிழ் பேசக் கூடாது. பேசி மாட்டினவள் கழுத்தில் ஓர் அட்டை ஏறும், நூல் கோத்த அட்டை, நான் இன்று தமிழ் பேசினேன் என்று அழகான இங்கிலீஷ் கையெழுத்தில். அதை இறக்கி வைக்க ஒரே வழி, தமிழ் பேசுகிற இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுப்பது. சாயங்கால மணி அடிக்கிறபோது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவளுக்குச் சேப்பல் வராந்தாவில் முழங்கால். தமிழ் கூடாது, இங்கிலீஷ் வராது, எட்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் மத்தியானச் சாப்பாட்டில் வாயில்லாப் பூச்சிகளாக மென்றுகொண்டிருந்தார்கள். ரொசாலின்தான் ஓட்டையைக் கண்டுபிடித்தாள், கடற்கரைத் தெருக்காரி, அவளுக்கு எந்த வேலியிலும் ஓட்டை தெரியும். தமிழும் இல்லாமல் இங்கிலீஷும் இல்லாமல் பேசினால்? இரண்டு பேரும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். ஒரு 'வந்து' ஒரு 'போயி' கூட உள்ளே நுழைந்துவிடாமல், அரிசியில் கல் பொறுக்குவதுபோலத் தமிழைப் பொறுக்கி வெளியே போட்டு,

ஜிக்கிரி மொக்கிரி சிமிட்டாங் கூளி
லக்கிரி பொக்கிரி லமட்டாங் கூளி
டிக்கிரி டிக்கிரி டிமிக்காங் கோங்கோ
டக்கரி லாப்பிலி டமுக்காங் கூளி

என்று வரிசையில் நடந்தபடியே ஒருத்தி முணுமுணுக்க, அடுத்தவள் பிடிக்க, நாற்பது டிபன் பாக்ஸும் அதே தாளத்தில் தட்டுப்பட, சிஸ்டர் பெனடிக்டா ஓடிவந்தார். 'வாட் லாங்க்வேஜ் இஸ் திஸ்?' என்று அவர் கேட்ட கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் கழுத்தில் போடுவது என்று தெரியாமல், அந்த அம்மாள் நின்ற நிலை! பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கூடத்தில் வள்ளிமயில் பயப்படாமல் நின்ற ஒரே நிமிஷம். மீனிங் என்ன, மீனிங் என்ன என்று சிஸ்டர் ரொசாலினையே பிடித்து உலுக்க, அந்த லூசு சந்தோஷத்தில் தன்னை மறந்து 'அர்த்தம் ஒண்ணும் கெடயாது சிஸ்டர்' என்று சுத்தத் தமிழில் சொல்லிவிட்டாள். விழுந்தது அட்டை. பாடினதற்கு இல்லை, அர்த்தமில்லை என்று தமிழில் சொன்னதற்கு. சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு நொந்தது. முழங்காலில் நின்ற ரொசாலினும் தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்ததற்கு அப்போது கொடுத்த விலை முழங்கால் வலி மட்டும்தான். பன்னிரண்டு, தா. பதின்மூன்று, மாம்பழம், அதை மாம்பம் என்பாள், எழுதலாம், அது கணக்கில் வரும். ஒழுங்கான சொல்லைக் கெடுத்துச் சொன்னால் சொல், ஒழுங்காக ஒரு புதுச் சொல்லைச் சொன்னால் சத்தம். நல்ல நியாயம்.

பதினான்காவது வரிக்கு நேராகப் பேனா தானாக ஓர் உகரத்தைப் போட்டுவிட்டது. சட்டென்று நிறுத்தினாள். உர்மாலி என்று வந்திருக்கும். தவசிலிங்கத்தின் பைக் தெருமுனையில் திரும்பி வாசலில் வந்து அணைகிற நேரத்துக்கு மிருதுளா வைத்திருக்கிற பெயர். அப்பா வந்துவிட்டார் என்பது இல்லை அது. அப்பா இன்றைக்கு எப்படி வந்திருக்கிறார் என்று தெரியாத அந்த அரை நிமிஷம், செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்து இரண்டு பேரும் தெரிந்துகொள்கிற வரைக்கும் இருக்கிற அந்த அரை நிமிஷம். மெல்லக் கழற்றினால் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளலாம். உதறினால் கிடுங்கு. இதற்கு இரண்டாவது பத்தியில் என்ன பொருள் எழுதுவது? இத்தனை வயசில் அவளுக்கே கிடைக்காத சொல், தமிழிலும் இல்லை, சிஸ்டரின் இங்கிலீஷிலும் இல்லை, மூன்று வயதுப் பிள்ளைக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அதை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. ரிப்போர்ட்டைத் தவசிலிங்கம் வரி வரியாக வாசிப்பான். உகரத்தை நாலு கோடு போட்டு அடித்தாள். அடித்த இடம் கறுப்பாகத் தெரிந்தது, மேடம் அதைக் கேட்பாளோ? உல்லன் தொப்பி என்று சொல்லலாம். பாளையங்கோட்டையில் உல்லன் தொப்பி! தன் பயத்தில் தனக்கே சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. ஏனென்றால் அந்த இன்னொரு பயம் பெஞ்சின் அந்த முனையில் வந்து உட்கார்ந்துவிட்டது, தினம் வருவது, இன்றைக்குக் கொஞ்சம் பிந்தி வந்திருக்கிறது. கீழே ரோட்டைக் கடக்கிறபோது ஒரு லாரி. அல்லது மார்பில் ஒரு கட்டி. ஏதோ ஒன்று. அவள் போய்விட்டால் மறுநாள் காலையில் மிருதுளா எழுந்து பசிக்கிறது என்று சொல்வாள், வலிக்கிறது என்று சொல்வாள், அவளுக்குத் தெரிந்த சொல்லில் திருத்தமாகச் சொல்வாள். சுற்றி நிற்கிற அத்தனை பேரும், பாவம் பிள்ளை என்னமோ ஒளறுது என்பார்கள். இரண்டே பேர் பேசுகிற பாஷையில் ஒருத்தி செத்தால் மற்றவள் ஊமை. சுகமாக இருக்கிறது, வாய்க்கு இனிக்கிறது என்று ஊட்டி ஊட்டி, வெளியே வர வாசலே இல்லாத ஒரு வீட்டைப் பிள்ளைக்குக் கட்டிவிட்டாள். லொம்பியதாம், தொம்பியதாம். நாக்கில் சூடு போட வேண்டும். இனிமேல் இல்லை. இன்றோடு சரி. பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை மளமளவென்று எழுதினாள், முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருளையும், பாலுக்குப் பால், பூவுக்குப் பூ. மீதி இருந்த வெற்று வரிகளை ஒரே குறுக்குக் கோடாக இழுத்து அடைத்தாள். கோடு நேராக விழுந்தது. அழகான கோடு, சிஸ்டர் பார்த்தால் மெச்சியிருப்பார்.

கதவு திறந்தது. 'மிருதும்மா, எழுதிட்டீங்களா? ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன்.' ஷீபா மேடம் காகிதத்தை வாங்கி நடந்தபடியே பார்த்தாள். 'பத்தொம்போதா? இவ்வளவுதானா?' 'அவ்வளவுதான் மேடம்.' உள்ளே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் மிருதுளா, எதிரே மேஜையில் படம் போட்ட அட்டைகள், தொடாமல். முழங்கால் இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டு, கவுனின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தது பிள்ளை. இவளைப் பார்த்ததும் முகம் அப்படியே விரிந்தது, வந்துவிட்டாயா, இனிக் கவலையில்லை என்பதுபோல. 'சிலிமா' என்றது. 'பாருங்க, பத்து நிமிஷமா இதையேதான் சொல்றா' என்றாள் மேடம். 'எந்தப் படத்தக் காட்டினாலும் சிலிமா, சிலிமா. அப்படின்னா என்னதும்மா?' வள்ளிமயில் வாயைத் திறந்தாள். ஒன்றரை வயதிலிருந்து பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் தூக்கத்திலும்கூடத் தவறாமல் சொல்லி, ஒரு நாள் ஒரு துணி நனைக்காத பிள்ளை. பாத்ரூம் போகணும் என்பதற்கு அதன் சொல். அந்தச் சொல் பட்டியலில் இல்லை. பட்டியல் மேடத்தின் கையில் இருந்தது, குறுக்குக் கோட்டோடு. ஒன்றைச் சொன்னால் ஏன் எழுதவில்லை என்பாள், அப்புறம் இன்னும் எத்தனை என்பாள், அப்புறம் ஒவ்வொன்றாக. 'தெரியல மேடம்' என்றாள். 'அவளா எதாவது சொல்லுவா.' பிள்ளை அழவில்லை. அம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்றுதான் நினைத்திருக்க வேண்டும். கழுத்தை நீட்டி, மெதுவாக, பிரித்துப் பிரித்து, புதிதாக ஊருக்கு வந்தவளுக்கு வழி சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னது. 'சி. லி. மா.' முகத்தில் காட்டாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். வள்ளிமயில் முகத்தில் காட்டாமல் சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்தாள். யானைக்கு ஒரு தந்தம் கிழிந்திருந்தது.

நாற்காலியிலிருந்து சொட்டுகிற சத்தம் முதலில் கேட்டது. 'அச்சச்சோ, பரவால்ல பரவால்ல, ஒண்ணும் இல்லடா தங்கம்' என்று மேடம் எழுந்து பழைய துணியொன்றை எடுத்துவந்து தரையில் போட்டாள். நல்ல பெண். முகம் சுளிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்து, குரலைத் தாழ்த்தி, 'பாத்ரூம் பழக்கம் இன்னும் வரலையாம்மா?' என்றாள். மிருதுளா நனைந்த கவுனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூன்று வரி கேட்டுவிட்டு நாலாவதுக்குக் காத்திருக்கிற பார்வை. தமிழ் அவளுக்கு ஒரு சொல் பாக்கியில்லாமல் விளங்கும். 'இன்னும் இல்ல மேடம்' என்றாள் வள்ளிமயில். 'இனிமேதான் பழக்கணும்.' மேடத்தின் பேனா ரிப்போர்ட்டில் ஒரு கட்டத்துக்குள் எதையோ எழுதியது. வராந்தாக் கோடியில் இருந்த குளியலறைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். கால் ஒன்றைத் தூக்கு என்று தொடையைத் தட்டினால் தூக்கியது, மற்றதைத் தட்டினால் அதையும். ஜட்டியைக் கழற்றிப் பிழிந்து, மாற்று உடுப்புக்குப் பைக்குள் துழாவி, பையில் மாற்று உடுப்பே இல்லை, தேவைப்பட்டதே இல்லையே, தன் துப்பட்டாவை எடுத்து இடுப்பில் சுற்றினாள். சுற்றுகிற சாக்கில் காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், 'சிலிமா' என்றாள். பிள்ளை அவளுடைய வாயைப் பார்த்தது. பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு பொம்பளை பேசுவதைப் பார்ப்பதுபோல, முகத்தில் எதுவும் காட்டாமல். பிறகு குழாய்க்கு அடியில் இருந்த வாளியைக் கையால் காட்டி, இதுநாள் வரை ஒருமுறைகூடச் சொல்லியிராத சொல்லை, கணீரென்று, ஓர் எழுத்து பிசகாமல் சொன்னது. 'தண்ணி.'

'வெரி குட்!' என்றாள் ஷீபா மேடம், அறைக்குள்ளிருந்து.